ஓசையின்றி, சட்டப்படி: வயல் எலிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி



இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறீர்கள். கைவிளக்கின் ஒளியில் வரப்பின்மேல் ஓர் எலி ஓடுகிறது. மறுநாள் காலையில் பார்த்தால், நேற்றுவரை நன்றாக நின்ற பயிரில் பத்துப் பதினைந்து தூர்கள் அடியோடு சாய்ந்து கிடக்கின்றன. "கையில் ஒரு துப்பாக்கி இருந்தால் சுட்டுத் தள்ளிவிடலாமே" என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் எதைச் சுடலாம், எதனால் சுடலாம், சுட்டால் எலி குறையுமா என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொண்டபின் முடிவு செய்வதே நல்லது. காவிரிப் பாசனப் பகுதி உழவர்கள் வெகுகாலமாகக் கையாண்டுவரும் ஒரு சிறு வில் இருக்கிறது. அதற்குச் சத்தம் இல்லை, உரிமம் வேண்டாம், நஞ்சும் இல்லை. அதுவே தஞ்சாவூர்க் கிட்டி. அதைப் பயன்படுத்தும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

எதைக் கொல்லலாம்? எதைத் தொடக்கூடாது?

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், தீங்கு செய்யும் உயிரினங்களுக்கென ஐந்தாம் பட்டியல் ஒன்று இருந்தது. எலி, சுண்டெலி ஆகியவற்றுடன் காகமும் பழந்தின்னி வௌவாலும் அதில் இடம்பெற்றிருந்தன. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அத்திருத்தத்தில் அந்தத் தீங்குயிர்ப் பட்டியலே நீக்கப்பட்டுவிட்டது. வயல் எலிகளும் சுண்டெலிகளும் பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் பட்டியலில் இல்லை. ஆகவே அவற்றை நம் வயலில் பிடித்து அழிப்பதற்குத் தடையில்லை. ஆனால் பழைய நினைவில் காகத்தையும் வௌவாலையும் அடிக்கலாம் என்று இனி எண்ணவேண்டாம்.

எலி வேட்டைக்குப் போன இடத்தில் முயலோ, கவுதாரியோ, உடும்போ எதிர்ப்படலாம். மயில் மேய்ந்துகொண்டிருக்கலாம். இவையெல்லாம் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. அவை நம் வயலுக்குள் நின்றாலும், பயிரைத் தின்றாலும், நாமாகக் கொல்வது குற்றமே. காட்டுப்பன்றி, மயில் ஆகியவற்றால் சேதம் ஏற்பட்டால் வனத்துறைக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும்.

துப்பாக்கியும் மின்வேலியும் வேண்டாம்

உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம். காற்றுத் துப்பாக்கியைப் பொறுத்தவரை, குழலின் துளை 0.177 அங்குலத்துக்கும் (ஏறத்தாழ 4.5 மி.மீ.) குண்டு வெளிப்படும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாமல் இருந்தால் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. ஆனால் சட்டம் இடங்கொடுப்பதெல்லாம் வயலுக்கு ஏற்றது ஆகிவிடாது. எலி இரவில் நடமாடுவது. பயிருக்கு நடுவே கண் மட்டும் மின்னும். அது எலியின் கண்ணா, மரநாயின் கண்ணா என்று உறுதி சொல்ல முடியாது. அடுத்த வயலில் மடை பார்க்க வந்தவர் குனிந்து நின்றால் அவரும் தெரியமாட்டார். ஓர் எலியைச் சுடும் நேரத்தில் ஒன்பது எலிகள் வளைக்குள் இருக்கும். உண்டிவில்லுக்கும் இதே குறைகள் உண்டு.

இதைவிடக் கொடியது எலிக்காக வரப்பைச் சுற்றிக் கம்பி கட்டி, அதில் மின்சாரம் விடுவது. இவ்வாறு வைத்த கம்பியில் விதைத்தவரே சிக்கி மாண்டதும், அண்டை வயல்காரரும் ஆடுமாடுகளும் பலியானதும் ஆண்டுதோறும் செய்தியாக வருகின்றன. ஈர வயலில் நிற்கும் மனிதனுக்கு அந்தக் கம்பியிடமிருந்து தப்பிக்க வழியே இல்லை. இது மின்சாரச் சட்டத்தின்படி குற்றம். உயிர் போனால் வைத்தவர் சிறை செல்ல நேரிடும். ஒரு மூட்டை நெல்லைக் காப்பதற்கு ஓர் உயிரைப் பணயம் வைக்கவேண்டாம்.

எலி இருக்கும் இடத்தைக் கண்டறிதல்

நெல் வயலில் பெருஞ்சேதம் செய்வது வரப்பில் வளை தோண்டும் அகழான் எலி. புல் எலி, வெள்ளெலி, வயல் சுண்டெலி ஆகியவையும் உண்டு. எலி கடித்த தூர், கத்தியால் சீவியதுபோல் சாய்வாக வெட்டுப்பட்டிருக்கும். அகழானின் வளை வாயில் புதுமண் குவியலாகக் கிடக்கும். பல சமயம் வாயை மண்ணால் அடைத்தே வைத்திருக்கும்.

வரப்பில் தெரியும் துளைகள் எல்லாம் எலி வளை அல்ல. நண்டு வளையும் இருக்கும். எலி விட்டுப்போன பழைய வளையும் இருக்கும். இதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. மாலையில் எல்லாத் துளைகளையும் களிமண்ணால் மூடிவிடுங்கள். மறுநாள் காலையில் எவை திறந்திருக்கின்றனவோ அவற்றின் அருகில் மட்டும் ஒரு குச்சி நட்டு அடையாளம் செய்யுங்கள். கிட்டி வைக்கவேண்டிய இடங்கள் அவையே.

கிட்டி என்பது என்ன?

கிட்டி, மூங்கிலால் செய்யப்படும் சிறு வில்பொறி. மூங்கில் பட்டையை வளைத்து நாண் கட்டியிருப்பார்கள். வளைந்த பட்டையின் விசை, இரை வைத்த இடத்துடன் இணைந்த ஒரு சிறு தடையால் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். எலி இரையைக் கொறித்து இழுத்ததும் தடை நழுவும். வில் பாய்ந்து எலியின் கழுத்தை இறுக்கும். எலி அந்த இடத்திலேயே இறந்துவிடும். வெடிச் சத்தம் இல்லாததால் பக்கத்து வளையில் உள்ள எலிகள் அஞ்சி ஓடுவதில்லை. நஞ்சு இல்லாததால் இறந்த எலியை நாயோ பருந்தோ தூக்கிச் சென்றாலும் கெடுதி இல்லை.

கிட்டி வைக்கும் முறை

1. ஏக்கருக்கு 40 கிட்டிகள் வரை வைக்கலாம். வயல் முழுதும் பரப்பாமல், அடையாளம் செய்த வளைகளின் அருகிலும், எலி நடந்து தேய்ந்த தடத்திலும், வரப்பை ஒட்டியும் வையுங்கள். எலி திறந்த வெளியில் ஓடுவதைவிட ஓரத்தை ஒட்டி ஓடுவதையே விரும்பும்.

2. பொரி, ஊறவைத்த நெல், தேங்காய்த் துண்டு, கருவாடு ஆகியவற்றில் ஒன்றை இரையாக வைக்கலாம். வயலில் அப்போது கிடைக்காத உணவாக இருந்தால் எலி விரைவில் வரும்.

3. எலி புதுப்பொருளைக் கண்டால் ஐயப்படும். ஆகவே முதல் இரண்டு இரவுகள் வில்லை ஏற்றாமல் இரையை மட்டும் வையுங்கள். அச்சம் தெளிந்தபின் மூன்றாம் இரவில் வில்லை ஏற்றுங்கள். அவசரப்பட்டு முதல் நாளே ஏற்றுபவர்கள் "கிட்டியில் எலி விழவில்லை" என்று குறை சொல்வதற்கு இதுவே காரணம்.

4. பொழுது சாய்ந்தபின் வைத்து, விடியுமுன் எடுத்துவிடவேண்டும். இது மிக முக்கியம். பகலில் விட்டால் மைனா, காடை போன்ற பறவைகளும், விளையாட வரும் பிள்ளைகளின் விரல்களும் சிக்கும்.

5. கிட்டியைச் சேற்றில் உறுதியாக ஊன்றுங்கள். வைத்த கிட்டிகளை எண்ணி வைத்து, எடுக்கும்போதும் எண்ணிப் பாருங்கள்.

காலம் தவறினால் கூலிதான் மிச்சம்

எலியின் சூல்காலம் ஏறத்தாழ மூன்று வாரங்களே. பயிர் பொதி கட்டும் பருவத்தில் நல்ல உணவு கிடைக்கத் தொடங்கியதும் எலிகள் மும்முரமாகக் குட்டி ஈனுகின்றன. அதற்குமுன் பிடிபடும் ஒரு பெண் எலி, பின்னர் வரவிருந்த ஒரு குடும்பத்துக்கே சமம். கதிர் வந்தபின் கிட்டி வைத்தால் எலி நிறைய விழும். ஆனால் சேதம் முன்பே நடந்து முடிந்திருக்கும். வயல் நிறைய இரை இருப்பதால் கிட்டியின் இரைக்கும் மதிப்பு இராது. எனவே நடவு முடிந்த இரண்டு மூன்று வாரங்களிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கிட்டி வைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் எலி ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பெறுவது வழக்கம். எலி குறைவாக இருக்கும் தொடக்கக் காலத்தில் அவர்களுக்கு வருமானம் போதாது. ஆகவே அவர்கள் வருவதில்லை. தொடக்கக் காலத்துக்கு மட்டும் எலிக் கணக்கை விட்டு, இரவுக் கணக்கில் கூலி பேசிக்கொள்ளுங்கள். பிறகு வாங்கவேண்டிய எலி மருந்தின் விலையோடு ஒப்பிட்டால் இது செலவாகத் தோன்றாது.

அதைவிட முக்கியமானது கூட்டு முயற்சி. உங்கள் இரண்டு ஏக்கரை மட்டும் சுத்தம் செய்தால், பக்கத்து வயலின் எலிகள் சில நாட்களில் காலி வளைகளில் குடியேறிவிடும். ஒரே வாய்க்காலில் பாயும் வயல்காரர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் கிட்டி வைக்கவேண்டும். வாய்க்கால் கரை, புறம்போக்கு மேடு, வைக்கோற்போர் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

கிட்டிக்குத் துணை

வரப்பை அகலம் 45 செ.மீ., உயரம் 30 செ.மீ. அளவுக்கு மேற்படாமல் செதுக்கி வையுங்கள். மெல்லிய வரப்பில் எலியால் பெரிய வளை தோண்ட முடியாது. வரப்பில் புல் மண்ட விடாதீர்கள்.

கூகையும் ஆந்தையும் கூலி கேட்காத இரவுக் காவலாளிகள். அவை அமர்ந்து பார்ப்பதற்கு, பயிரைவிட உயரமாகக் குறுக்குக் கட்டை வைத்த கழிகளை நடுங்கள். மணி முற்றும் பருவத்தில் இவற்றை எடுத்துவிடவேண்டும். இல்லாவிடில் நெல் தின்னும் பறவைகள் வந்து அமரும். சாரைப்பாம்பை அடிக்காதீர்கள். அது வளைக்குள்ளேயே சென்று எலியைப் பிடிக்கும். அதைக் கொல்வது சட்டப்படியும் குற்றம்.

கிட்டியால் அடங்காத அளவுக்கு எலி பெருகிவிட்டால் மட்டுமே மருந்தை நாடுங்கள். துத்தநாக பாஸ்பைடுக்கு முறிமருந்து இல்லை. அதைத் தின்று தப்பிய எலி மறுமுறை தொடாது. இரத்த உறைவைத் தடுக்கும் வகை மருந்துகளைத் தின்ற எலியைப் பிடித்தால் கூகையும் சாகக்கூடும். வேளாண்மை அலுவலரைக் கேட்டபின் பயன்படுத்துங்கள்.

இறந்த எலியை வெறுங்கையால் தொடவேண்டாம். எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும். கையில் உறையோ பாலித்தீன் பையோ மாட்டிக்கொண்டு எடுத்து, ஆழமாகப் புதையுங்கள். காலில் புண் இருப்பவர்கள் எலி மிகுந்த வயலின் சேற்றில் இறங்காதிருப்பது நலம். வேலை முடிந்ததும் சோப்பால் கைகால்களைக் கழுவவேண்டும். வயல் வேலைக்குப்பின் காய்ச்சலும் கடுமையான தசைவலியும் கண்டால் உடனே மருத்துவரிடம் சென்று, எலி பிடித்ததையும் சொல்லுங்கள்.

உழவர்களே! இந்தப் பருவ நடவு முடிந்ததும், உங்கள் வாய்க்காலைச் சேர்ந்தவர்களை ஒரு மாலையில் கூட்டிப் பேசுங்கள். ஒரே நாளில் வளைகளை மூடுங்கள். ஒரே இரவில் வில்லை ஏற்றுங்கள். மின்கம்பி இல்லாத வரப்பில் நீங்களும் உங்கள் பிள்ளைகளும் அச்சமின்றி நடக்கலாம். விளைந்த நெல்லும் வீடு வந்து சேரும்.