முதல் ரம்பம் எதை வாங்குவது?

கார்பென்டர் பிரிவில் ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் பலர் கைக்காசில் முதலில் வாங்குவது ரம்பம் அல்ல. நாலு இஞ்ச் கிரைண்டர் அல்லது மார்பிள் கட்டர். பாதிக் காரணம் ரீல்ஸ். மீதி, வீட்டார். "பக்கத்து வீட்டுப் பையன் அத வெச்சுத்தானுங்க சம்பாரிக்கறான், இவனுக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்தாப் போதுங்களா சார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கோவை நஞ்சப்பா ரோட்டுக் கடைகளுக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

தோப்பில் விழுந்த தென்னைக்குச் செயின் சா, தடியைப் பலகையாக்க மில்லில் பேண்ட் சா, வளைவுக்கு ஜிக்சா, பிளைவுட்டை நேராக அறுக்கச் சர்குலர் சா. இதெல்லாம் தெரிந்ததுதான்.

கைரம்பத்தில்தான் குழப்பம். நெடுக்கே அறுக்கும் ரம்பத்தின் பல் உளி மாதிரி நாரைச் சீவிக்கொண்டு போகும். இஞ்சுக்கு ஐந்தாறு பல் போதும். குறுக்கே அறுப்பதன் பல் கத்திமுனை மாதிரி நாரை வெட்டும். எட்டு முதல் பத்து வேண்டும். கழுந்து வெட்டும் டெனான் சாவுக்குப் பன்னிரண்டுக்கு மேல். தகடு வளையாமலிருக்க முதுகில் ஒரு பட்டை. எல்லாவற்றிலும் பற்கள் ஒன்று இடமும் ஒன்று வலமும் சாய்ந்திருக்கும். அந்த 'செட்' போய்விட்டால் பச்சை வேம்பில் ரம்பம் இறுகி நின்றுவிடும். ஜப்பான் ரம்பம் இழுக்கும்போது அறுக்கும், நம்முடையது தள்ளும்போது. ஆன்லைனில் அழகு பார்த்து வாங்குகிறவர்கள் கவனிக்கவும்.

இனி மார்பிள் கட்டர். அது கல்லையும் டைல்ஸையும் தேய்த்து அறுக்கப் பிறந்தது. 110 மி.மீ. பிளேடு நிமிடத்துக்குச் சுமார் 12,000 சுற்றுச் சுற்றும். விளிம்பின் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டரைத் தொடும். அதில் மரத்துக்கான பல் பிளேடை மாட்டினால், தேய்க்கும் இடத்தில் பல் கொத்தும். முடிச்சிலோ ஆணியிலோ கொத்தியது என்றால் மெஷின் நம் பக்கமே எகிறும். ஏழு இஞ்ச் சர்குலர் சா ஏறக்குறைய 5,000 சுற்றுதான். மரத்தை விட்டு எடுத்த கணமே கீழ்க்கவசம் ஸ்பிரிங்கில் மூடிக்கொள்ளும். கட்டரில் அது கிடையாது. கிரைண்டர் இன்னும் மோசம்: ஸ்விட்சைத் தள்ளினால் பூட்டிக்கொள்ளும், கையை விட்டுப் போன பிறகும் ஓடும். இருக்கிற அரைக் கவசத்தையும் 'மறைக்குது' என்று கழற்றி எறிகிறார்கள். விரல் போன பையன்களை எனக்குத் தெரியும்.

இவ்வளவு ஆபத்துக்கு லாபமாவது உண்டா? கட்டர் பிளேடு 34 மி.மீ. அளவுக்குத்தான் இறங்கும். மூன்று இஞ்ச் கனமுள்ள நிலைச்சட்டத்தை இரண்டு பக்கமும் புரட்டி அறுத்தாலும் நடுவில் எட்டு மி.மீ. மிச்சம் நிற்கும். அதை முடிக்கக் கைரம்பம்தான் தேட வேண்டும்.

மாடுலர் கிச்சன் செய்கிறவர்கள் என்னைப் பழைய ஆள் என்பார்கள். இருக்கட்டும். வைரம் பாய்ந்த வேலாமரத்தையும் வாகையையும் அறுத்துப் பழகியவன் பிளைவுட்டை ஒரு மதியத்தில் கற்றுக்கொள்வான். மறுதலையாக நடந்து நான் பார்த்ததில்லை.

கையில் வேலை உள்ள பையனைக் கண்டுபிடிப்பது சுலபம். கோடு போட்டுக் கொடுத்தால், "கோட்டை விட்டு அறுக்கறதுங்களா, கோட்டோட அறுக்கறதுங்களா?" என்று கேட்பான். பொறுமை, முக்கோண அரத்தால் தன் ரம்பத்தைத் தானே தீட்டுகையில் வரும். கௌலி பிரௌன் ரோட்டில், 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்துக்கு அவனை ஒருமுறை கூட்டிப்போங்கள். அங்கிருக்கும் மரத்துண்டுகளில் நார் ஓடும் திசையைப் பார்க்கட்டும்.

பிறகு ஒரு கைரம்பம், ஒரு அரம், ஒரு மூலைமட்டம் வாங்கிக் கொடுங்கள். மோட்டார் வேண்டுமென்றால் சம்பாதித்துச் சர்குலர் சா வாங்கிக்கொள்வான். வீட்டில் ஏற்கெனவே கிரைண்டர் இருந்தால் கம்பி அறுக்க வைத்துக்கொள்ளுங்கள். பல் பிளேடை மட்டும் அதில் மாட்ட விடாதீர்கள்.