டெய்ட்டி நிலை யாருக்கு?

முறை வைத்து ஆடும் வியூக விளையாட்டுகளைப் பற்றி மலையகத்து வாசகர்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கே: தோட்டப் பாடசாலையில் ஆசிரியராக இருக்கிறேன். இரவில் முக்கால் மணி நேரம் போனில் ‘அன்சிவ்’ ஆடுவேன். பிரின்ஸ் நிலையில் வெல்ல முடிகிறது. டெய்ட்டியில் ஆடாதவன் ஆட்டக்காரனே இல்லை என்கிறான் மச்சான். அதில் இறங்கினால் நூறு முறைக்குள் தலைநகரம் போய்விடுகிறது. எந்த அமைப்பில் ஆடுவது நல்லது?
– வாசகர், கொட்டகலை

மச்சான் சொல்வதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். டெய்ட்டியில் கணினி ஒன்றும் கூடுதல் புத்திசாலி ஆகிவிடுவதில்லை. அன்சிவ்வுக்கு மூலமான ‘சிவிலைசேஷன் 5’இல் செட்லர் தொடங்கி டெய்ட்டி வரை எட்டு நிலைகள். நான்காவதான பிரின்ஸில் இரு தரப்பும் ஏறத்தாழச் சமம். அதற்கு மேல் ஏற ஏறக் கணினிக்குக் கூடுவது மூளையல்ல, சீதனம். டெய்ட்டியில் உங்களுக்கு ஒரு குடியேறி என்றால் அதற்கு இரண்டு. மட்பாண்டம், கால்நடை வளர்ப்பு, சுரங்கம், சக்கரம் என நான்கு கலைகளைக் கற்று முடித்த பிறகே அது களத்துக்கு வருகிறது. ‘சிவிலைசேஷன் 6’இல் டெய்ட்டிக் கணினிக்கு மூன்று குடியேறிகள். இவ்வளவும் பெற்றுவிட்ட எதிரியிடம் தொடக்கத்திலேயே நகரம் பறிபோவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அப்படியும் டெய்ட்டியில் வெல்பவர்கள் உண்டு. ஒரு கட்டத்தில் ஒரு படைதான் நிற்கலாம் என்ற விதி வந்த பிறகு, படைகளை முன்பின்னாக அடுக்கி நகர்த்துவதில் கணினி தடுமாறுகிறது. அந்தப் பலவீனத்தை நம்பித்தான் அவர்கள் ஆடுகிறார்கள். குன்றின் மேல் நகரம், முன்னால் ஒரு வாள்வீரன், பின்னால் மூன்று நான்கு வில்லாளிகள். வருகிற படை ஒவ்வொன்றாகக் கரையும். பார்க்க அழகான ஆட்டம்தான். ஆனால் திரும்பத் திரும்ப அதே ஆட்டத்தைத்தான் ஆட வேண்டியிருக்கும். கலை, மதம், வணிகம் என்று புதிதாக ஒன்றைச் சோதித்துப் பார்க்க அங்கே இடம் குறைவு. சோதித்துப் பார்ப்பதில் ஆசை உள்ளவருக்கு கிங் அல்லது எம்பெரர் நிலையே பொருத்தம்.

நிலையைவிட வேகத்தைத் தேர்வதுதான் ஆட்டத்தை அதிகம் மாற்றும். பலர் அந்த இடத்தைப் பார்க்காமலே தாண்டிப் போகிறார்கள். சிவிலைசேஷனில் ‘குயிக்’ 330 முறை, ‘ஸ்டாண்டர்ட்’ 500, ‘எபிக்’ 750, ‘மாரத்தான்’ 1500. மாரத்தானில் ஒன்றைக் கட்டவும் ஆராயவும் ஏறத்தாழ மூன்று மடங்கு காலம் பிடிக்கும். ஆனால் குதிரைவீரன் ஒரு முறையில் நடக்கும் தூரம் மாறாது. அதனால் மெதுவான ஆட்டத்தில் போர் பலன் தரும். எதிரி புதிய ஆயுதம் கண்டுபிடிப்பதற்குள் உங்கள் படை அவன் வாசலில் நிற்கும். வேகமான ஆட்டத்தில் வில்லாளிகளைத் திரட்டிப் பக்கத்து நாட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் பழசாகிவிடுவார்கள். போர் பிடித்தவருக்கு எபிக், கட்டியெழுப்பப் பிடித்தவருக்கு குயிக்.

முக்கால் மணி நேரம் மட்டும் கிடைக்கும் ஆசிரியருக்கு இப்படிச் சொல்லலாம்: குயிக் வேகம், நான்கு நாடுகள் கொண்ட ‘டைனி’ வரைபடம், கிங் நிலை. வரைபடம் சிறிதாக இருந்தால் கணினி தன் முறையை முடிக்கும்வரை காத்திருக்கும் நேரமும் குறையும். பழைய போனில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ‘பஞ்சேயா’ என்ற ஒரே நிலப்பரப்பு அலுத்துவிட்டால் தீவுக்கூட்ட வரைபடத்துக்கு மாறலாம். கடல் தாண்டிப் படையெடுப்பதில் கணினி மகா மோசம் என்பதால் அங்கே ஆட்டம் சற்று இலகு.

தோட்டப்புறத்தில் சிக்னல் சீராக இருப்பதில்லை. ஃப்ரீ ஃபயர் ஆடும் இளைஞர்கள் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். அன்சிவ் இலவசம், விளம்பரம் கிடையாது, தனியாக ஆட இணையமும் வேண்டாம். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததே, அப்படிப்பட்ட நாட்களிலும் சேமித்து வைத்துவிட்டு மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரக்கூடிய ஆட்டம் இது.

கே: மகன் இந்தியாவை எடுத்துக்கொண்டு வரைபடம் முழுக்க நகரம் கட்டுகிறான். கொஞ்ச நேரத்தில் மக்களுக்கு அதிருப்தி என்று ஆட்டம் படுத்துவிடுகிறது. தம்பியும் ஆடக் கேட்டு அழுகிறான். என்ன செய்யலாம்?
– வாசகி, நானுஓயா

மகன் எடுத்த நாடு ஒன்று, ஆடும் பாணி இன்னொன்று. சிவிலைசேஷன் 5இல் ஒரு நகரத்துக்கு 3 புள்ளி, ஒரு குடிமகனுக்கு 1 புள்ளி என்று அதிருப்தி சேரும். காந்தி தலைமையிலான இந்தியாவுக்கு மட்டும் நகரத்துக்கு 6, குடிமகனுக்கு அரை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 பேர் உள்ள நகரத்தில் மற்ற நாட்டுக்கும் 9, இந்தியாவுக்கும் 9. 3 பேர் மட்டும் இருந்தால் மற்றவருக்கு 6, இந்தியாவுக்கு ஏழரை. 12 பேர் என்றால் மற்றவருக்கு 15, இந்தியாவுக்கு 12தான். ஆகவே இந்தியாவுக்கு ஏற்றது, மூன்று நான்கு நகரங்களை நன்றாக வளர்த்துப் பெருக்கும் பாணி. பரந்து குடியேற ஆசை என்றால் வேறு நாட்டை எடுக்கட்டும். இந்தக் கணக்கை மகனையே போடச் சொல்லுங்கள். தானே கண்டுபிடித்தால் மறக்காது.

தம்பிக்கும் வழி உண்டு. அன்சிவ்வில் புதிய ஆட்டம் தொடங்கும்போது இரண்டாவது நாட்டையும் ‘மனிதர்’ என்று குறித்துவிட்டால், ஒரே போனை மாற்றி மாற்றி இருவரும் ஆடலாம்.

கே: நம்ம சிவனொளிபாதமலை இந்த விளையாட்டில் வருகிறதாமே, உண்மையா? தேயிலையும் உண்டா?
– வாசகர், மஸ்கெலியா

உண்மைதான். 2012இல் வெளிவந்த ‘காட்ஸ் அண்ட் கிங்ஸ்’ விரிவாக்கத்தில் ‘ஸ்ரீபாத’ என்ற பெயரில் இயற்கை அதிசயமாகச் சேர்ந்தது. அதை எல்லைக்குள் வைத்து, அந்தக் கட்டத்தில் ஒரு குடிமகனை வேலைக்கு அமர்த்தும் நகரத்துக்கு 2 உணவும் 4 பக்தியும் கிடைக்கும். ஆட்டத் தொடக்கத்தில் 4 பக்தி என்பது பெரிய வரவு. மதம் பரப்பி ஆட நினைப்பவர் அந்த மலையடியில் இரண்டாவது நகரத்தைக் கட்டத் தயங்கக் கூடாது. சிவிலைசேஷன் 6இல் கண்டி ஒரு நகர அரசாக வருகிறது. தேயிலையும் அதில் உண்டு. அறிவியலுக்கு ஒரு புள்ளி தரும். கோப்பி கலாசாரத்துக்கு ஒரு புள்ளி. 1869இல் பரவத் தொடங்கிய இலைநோயில் கோப்பி அழிந்து தேயிலை மூடிய மலைகளில் வாழ்பவர்களுக்கு இரண்டையும் அடுத்தடுத்த கட்டங்களில் காண்பதே தனி அனுபவம்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அந்த விளையாட்டில் தோட்டம் போடுவது ஒரே முறையில் முடிந்துவிடும். போட்ட தொழிலாளி மூன்று வேலை முடித்ததும் வரைபடத்திலிருந்தே காணாமல் போவார். வந்து 200 ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த மலையக மக்களின் கதை அதற்குள் அடங்காது. பிள்ளைகளோடு ஆடும் பெற்றோர் அந்தக் கட்டத்தில் சற்று நிறுத்தி, தங்கள் குடும்பம் வந்த வழியைச் சொல்லிக் கொடுக்கலாம்.

சிவிலைசேஷன் 6இல் சிவனொளிபாதமலை இல்லை. அதைத் தேடுபவர்கள் அன்சிவ்வில் ‘காட்ஸ் அண்ட் கிங்ஸ்’ விதித்தொகுப்பைத் தேர்ந்து ஆட வேண்டும். எல்லா ஆட்டத்திலும் அது வராது. வரைபடம் உருவாகும்போது எந்த அதிசயங்கள் விழுகின்றன என்பதைப் பொறுத்தது.