இரவுக் குளிரை வீட்டுக்குள் பிடித்து வைத்தல்



கலகெதரப் பக்கம் தகரக் கூரையின் கீழ் இருப்போர் நம்மைக் கண்டதும் முதலில் சொல்வது வெக்கையைப் பற்றித்தான். மத்தியானத்தில் பிள்ளையை உள்ளே கிடத்த முடியவில்லை, மின்விசிறியும் சூட்டுக் காற்றையே வீசுகிறது என்கிறார்கள். பெரிய செலவின்றி என்ன செய்யலாம் என்பதே இம்முறை நமது பாடம்.

கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரம். கலகெதர அதைவிடத் தாழ்வு, ஆகவே வெப்பமும் சற்றுக் கூட. என்றாலும் மார்ச் மாதத்தில் பகல் 30 பாகை செல்சியசைத் தாண்டினாலும், விடியப்புறம் 20 பாகை அளவுக்கு இறங்கிவிடும். நாமோ கள்வருக்கும் பனிக்கும் பயந்து இரவில் யன்னலைப் பூட்டுகிறோம், பகலில் அகலத் திறக்கிறோம். செய்யவேண்டியது நேர்மாறு. குளிர் நாடுகளின் பெரிய கட்டடங்களிலும், வெளிக்காற்று போதிய குளிராயிருக்கும் வேளையில் இயந்திரத்தை நிறுத்தி, அக்காற்றையே உள்ளே இழுக்கிறார்கள்.

சூடான காற்று பாரம் குறைந்தது, மேலே ஏறும். முகட்டுக்குக் கீழே இருபக்கச் சுவரிலும் ஒரு சாண் இடைவெளி விட்டால் அது வெளியேறும். தாழ்வான யன்னலால் குளிர்காற்று உள்ளே வரும். இடைவெளிக்கு நுளம்பு வலையும் யன்னலுக்குக் கம்பியும் அடித்துவிடுங்கள். காலையில் வெளியே சூடேறத் தொடங்கியதும் யன்னலை மூடலாம். உள்ளே அடுப்பு எரியும்போது மட்டும் மூடவே கூடாது, புகை ஆளைக் கொல்லும்.

காற்று குளிரை அதிகம் தாங்கி வைக்காது. மண்சுவர், கல், செங்கல், சாணமிட்ட தரை ஆகியவையே இரவில் குளிர்ந்து, பகல் வெப்பத்தை உறிஞ்சுகின்றன. கண்டிப் பக்கத்துப் பழைய வளவு வீடுகளின் தடித்த சுவர் செய்யும் வேலை இதுதான். தகரமோ வெயிலில் உடனே கொதிக்கும், இரவில் உடனே ஆறும். சுவரும் தகரமாயிருந்தால் பகலில் யன்னலை மூடாதீர்கள், அவிந்துபோவீர்கள். அத்தகைய வீட்டில் முதல் வேலை, உட்புறமாக இடுப்பளவுக்காவது மண்சுவர் எழுப்புவது. அடுத்து, கூரைத் தகரத்துக்கு ஒரு சாண் கீழே கிடுகு கட்டுங்கள், அடுப்புக்கு நேர்மேலே மட்டும் வேண்டாம்.

நெல் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. இங்கு இரவுக் காற்றில் ஈரம் அதிகம். நம் உடலுக்கு அது இதம், நெல்லுக்கோ பூஞ்சணம். மூட்டைகளைக் காற்று அடிக்கும் யன்னலருகில் வைக்காமல், வேறு மூலையில், பலகை போட்டு நிலத்திலிருந்து உயர்த்தி அடுக்குங்கள்.