எந்த பைட், எந்த நொடி

அன்புள்ள தம்பிக்கு,

இரவுப் பணியில் பேக்கப் பார்க்க வரும் பிள்ளைகள் எல்லோரும் கேட்பதைத்தான் நீயும் கேட்டிருக்கிறாய். "ரெப்ளிகேஷன் ஜாப் இரண்டு மணி நேரம் ஓடியது, வேகம் 5.5 எம்பி. இது நல்ல வேகமா அண்ணா?" அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது தம்பி. எந்த பைட்டுகளை எண்ணினார்கள், எந்த நொடியில் தொடங்கி எண்ணினார்கள் என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு பேசலாம்.

உன்னுடையது ஆர்சிங்க் ஜாப் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கரசும் 1996இல் வெளியிட்ட கருவி அது. மாறாத பகுதியை விட்டுவிட்டு மாறியதை மட்டும் அனுப்புவது அதன் சாமர்த்தியம். வேகக் கணக்கில் குழப்பம் வருவதும் அந்தச் சாமர்த்தியத்தால்தான்.

ஸ்டாட்ஸ் என்ற ஆப்ஷனைச் சேர்த்து ஓட்டினால் முடிவில் ஒரு பத்தி அச்சாகும். அதன் கடைசி இரண்டு வரிகளைப் பொறுமையாகப் படி. முதல் வரியில் அனுப்பியது, பெற்றது, நொடிக்கு எத்தனை பைட் என்று இருக்கும். அடுத்த வரியில் மொத்த அளவும் ஸ்பீடப் என்ற எண்ணும். மூலத்தில் 2 டெராபைட் கிடக்கிறது, அதில் 40 ஜிகாபைட்தான் லைனில் போனது என்றால் ஸ்பீடப் 50. இதைப் பார்த்து ஜாப் ஐம்பது மடங்கு வேகமாக ஓடியது என்று குதிக்காதே. மொத்த அளவை, லைனில் போன, வந்த பைட்டுகளால் வகுத்த விகிதம் அது, அவ்வளவுதான். நொடிக்கு இத்தனை பைட் என்ற எண்ணும் அப்படித்தான்: அனுப்பியதையும் பெற்றதையும் கூட்டி, ஆன நேரத்தோடு அரை நொடி சேர்த்து வகுக்கிறது. கண்மூடித் திறப்பதற்குள் முடியும் ஜாபில் பூஜ்யத்தால் வகுக்க நேராமலிருக்க அந்த அரை நொடி.

அந்த 2 டெராபைட்டை உன் இரண்டு மணி நேரத்தால், அதாவது 7,200 நொடியால் வகுத்தால் நொடிக்கு சுமார் 278 மெகாபைட் வரும். உங்கள் லைன் 100 எம்பிபிஎஸ். லைன் விற்பவர் பிட்டில் பேசுவார், ஆர்சிங்க் பைட்டில் பேசும். ஆக, அந்த லைனின் உச்சமே நொடிக்கு 12.5 மெகாபைட்தான். எந்த டேஷ்போர்டாவது 278 என்று காட்டினால், தொடாத பைட்டுகளையும் சேர்த்து எண்ணியிருக்கிறது என்று புரிந்துகொள். சுருக்கி அனுப்பும் இசட் ஆப்ஷன் போட்டிருந்தால் இதற்கு நேர்மாறு. சுருங்கிய பிறகு லைனில் போன பைட் மட்டும் கணக்கில் வரும், அதனால் வேகம் குறைந்ததுபோலத் தெரியும். அப்போது லிட்டரல் டேட்டா என்ற வரியைப் பார். சுருக்குவதற்கு முந்தைய அளவு அங்கே இருக்கும். இன்னொன்று: பேரிடர் மீட்புக்கான டிஆர் சைட்டின் டிஸ்கை என்எஃப்எஸ் வழியாக மவுண்ட் செய்து அதற்குள் நகலெடுத்தால், ஆர்சிங்க் அதை உள்ளூர் டிஸ்க் என்றே நினைக்கும். உள்ளூர் என்றால் மாறிய பகுதியைத் தேடாது, மாறிய கோப்பை முழுசாகத் தூக்கிப் போகும். 80 ஜிகாபைட் டேட்டாபேஸ் கோப்பில் ஒரு மூலை மாறினாலும் 80ம் போகும். லைன் நிரம்பி வழிவதைப் பார்த்து நல்ல வேகம் என்று மெச்சிக்கொள்வார்கள்!

இனி நேரத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து மதுரைக்கு எட்டு மணி நேரம் ஆனது என்று சொன்னால், தாம்பரத்தைத் தாண்டவே இரண்டு மணி நேரம் போனது அதில் தெரியாது. சராசரி வேகமும் அப்படித்தான். லட்சக்கணக்கில் சின்னக் கோப்புகள் இருந்தால், எது மாறியது என்று பட்டியல் பார்ப்பதிலேயே முதல் ஒரு மணி நேரம் போயிருக்கலாம். லைன் அந்த நேரமெல்லாம் சும்மா கிடந்திருக்கும். 3.1 பதிப்பிலிருந்து வரும் ப்ராக்ரஸ்2 என்ற ஆப்ஷனைப் போட்டு ஓட்டிப் பார். வரியின் ஓரத்தில் ஐஆர்-செக் என்று இருக்கும்வரை அது இன்னும் பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறது, அதுவரை காட்டும் சதவீதத்தை நம்பாதே. 60 என்று காட்டியது 40க்கு இறங்கும். டு-செக் என்று மாறிய பிறகுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

அந்த ஆப்ஷன் போடாமல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஜாபை என்ன செய்வது என்று கேட்பாய். நிறுத்தாதே. ப்ராக் கோப்பகத்தில் அந்தப் பிராசஸ் எண்ணின் கீழ் ஐஓ என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் ரீட்-பைட்ஸ் டிஸ்கிலிருந்து படித்தது, டபிள்யூசார் எழுதி வெளியே தள்ளியது. பத்து நொடி இடைவெளியில் இரண்டு முறை பார்த்துக் கழித்து, பத்தால் வகு. இந்த நிமிஷத்து வேகம் கையில் வந்துவிடும். படிப்பது வேகமாக ஏறி, தள்ளுவது மட்டும் நகராமல் நின்றால், பெரிய கோப்புக்குள் வித்தியாசம் தேடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தொங்கிவிட்டது என்று நினைத்து கில் கொடுக்கும் கை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அவசரப்படும்.

இரண்டுமே மெதுவாக இருந்தால் டிஸ்கா லைனா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஐஓஸ்டாட்டை நொடி இடைவெளி கொடுத்து ஓட்டினால் முதலில் வரும் அறிக்கை சர்வர் பூட் ஆனதிலிருந்து இன்றுவரைக்குமான சராசரி. அதை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து படி. லைன் பக்கம் ஐபெர்ஃப்3 போட்டு, முதலில் ஒரே ஸ்ட்ரீம், பிறகு நான்கு என்று ஓட்டு. ஒன்றில் 2 மெகாபைட், நான்கில் 8 என்று வந்தால் லைனில் இடம் இருக்கிறது, ஒற்றை இணைப்பால் அதை நிரப்ப முடியவில்லை. தூரத்து சைட் என்றால் போய்வர 30 மில்லி வினாடி என்று வைத்துக்கொள். டிசிபி விண்டோ 64 கிலோபைட்டோடு நின்றுவிட்டால் நொடிக்கு 2.2 மெகாபைட்டுக்கு மேல் ஏறவே ஏறாது. அங்கே லைனை 500 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் பைசா பிரயோஜனமில்லை.

மெதுவான ஜாபைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குவது வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடியும் ஜாப். இரண்டு மணி நேர ஜாப் ஐந்து நிமிஷத்தில் முடிந்தால் சந்தோஷப்படாதே. எக்ஸிட் கோடைப் பார். 23 என்றால் சில கோப்புகள் போகவில்லை. 24 என்றால் பட்டியல் எடுத்த பிறகு சில கோப்புகள் மறைந்துவிட்டன. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இது சகஜம். பூஜ்யம் வந்தாலும் நிம்மதி கிடையாது. மூல டிஸ்க் மவுண்ட் ஆகாமல் வெறும் கோப்பகம் மட்டும் இருந்தால் ஆர்சிங்க் குறைசொல்லாமல் ஓடி முடிக்கும். டெலீட் ஆப்ஷனும் சேர்ந்திருந்தால் அந்தப் பக்கத்து நகலையும் துடைத்துவிடும். மேக்ஸ்-டெலீட் என்று ஒரு உச்சவரம்பு வைக்காத ஸ்கிரிப்டை நான் ப்ரொடக்ஷன் சர்வரில் ஏற்றவிடமாட்டேன்.

மேலாளர் வேகம் கேட்டால், நகலின் வயதைச் சொல். ஜாப் நள்ளிரவில் தொடங்கி மூன்று மணிக்கு முடிகிறது என்றால், மறுநாள் இரவு 2.59க்கு சர்வர் போனால் உன் கையில் இருக்கும் முழு நகல் முந்தைய நாள் நள்ளிரவுடையது. அதாவது 27 மணி நேரப் பழசு. 24 என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஜாப் ஓடும் நேரத்தைக் கூட்ட மறந்திருப்பார்கள். ஜாப் நேரம் நீள நீள இந்த வயதும் கூடும். ஜாபே 24 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் கிரான் அடுத்ததைத் தொடங்கி, இரண்டும் ஒரே கோப்புகளில் மோதிக்கொள்ளும். பூட்டு கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் விலகும்படி எஃப்லாக் போட்டுப் பூட்டி வை. பூட்டினால் அந்த இரவின் ஜாப் ஓடாமல் போகும். அப்படி ஓடாமல் போனது லாகில் தெரிய வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை. ஸ்கிரிப்டின் முடிவில் ஒரே ஒரு வரி எழுதச் சொல்: தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அனுப்பிய பைட், லிட்டரல் டேட்டா, மாறிய கோப்புகளின் எண்ணிக்கை, எக்ஸிட் கோடு. சர்வர் யூடிசியில் ஓடினால் நம் நள்ளிரவு அதில் முந்தைய தேதி 18.30 என்று விழும். மாதக் கடைசி வரிகளைத் தேடும்போது அது காலை வாரும், ஆகவே எந்த நேரம் என்பதையும் வரியிலேயே எழுதிவிடு. மார்ச் 31 இரவு கணக்குப் பிரிவு சர்வரில் என்ன மாறும் என்பது ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மாதக் கடைசியில் விழுந்த வரிகளைப் பார்த்தாலே ஓரளவு பிடிபடும். அதை வைத்துக்கொண்டு மார்ச் முதல் வாரத்திலேயே மேலாளரிடம் போ. ஜாபை முன்கூட்டித் தொடங்குவதா, அன்று ஒரு நாளைக்கு பேண்ட்விட்த் வரம்பைத் தளர்த்துவதா என்று அவர் முடிவெடுக்கட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்