ஒட்டுப்பலகை அறுக்க எந்த ரம்பம்?

கேள்வி: வீவக வீட்டில் நானே அலமாரி செய்ய விரும்புகிறேன். தண்டவாள ரம்பம் வாங்கினால் ஃபெஸ்டூலா, மக்கிட்டாவா?
– வாசகர், பாசிர் ரிஸ்

பதில்: மக்கிட்டா வாங்குங்கள். ஃபெஸ்டூல் டிஎஸ் 55, மக்கிட்டா எஸ்பி 6000 இரண்டுமே சுமார் 55 மி.மீ. ஆழம் அறுக்கும்; அலமாரிக்கு வழக்கமாக எடுக்கும் 18 மி.மீ. பலகைக்கு அது தாராளம். ஃபெஸ்டூலில் வெட்டுக்குள் நுழைந்து நிற்கும் மெல்லிய தகடு ஒன்று உண்டு. மரம் பிளேடை இறுக்கிக் கருவி பின்னால் எகிறுவதை அது தடுக்கும். மக்கிட்டாவில் அது இல்லை. பதிலாக, முதலில் ஓரிரு மி.மீ. மட்டும் கீறிக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கிறது. மேற்பூச்சுப் பலகை சிதறாமல் இருக்க இந்த வசதி மிக நல்லது. ஈர மரம், கனமான கட்டை அறுப்பவர் என்றால் ஃபெஸ்டூலையே சொல்லியிருப்பேன்.

துல்லியம் உண்மையில் ரம்பம் ஓடும் தண்டவாளத்தில்தான் இருக்கிறது. முழுப் பலகை 2,440 மி.மீ. நீளம். 1.4 மீட்டர் தண்டவாளம் அகலத்துக்குத்தான் போதும்; நீளத்துக்கு இரண்டை இணைக்க வேண்டும். இணைப்பில் மயிரிழை கோணினாலும் கதவு மூடாது, ஆகவே நீண்ட நேர்விளிம்பு வைத்துச் சரிபாருங்கள். அதைவிட, கடையிலேயே தோராயமாக அறுத்து வாங்கினால் மின்தூக்கியில் ஏற்றுவதும் எளிது.

பிளேடு 48 பல் இருக்கட்டும். தூசு உறிஞ்சியை இணைக்காமல் வீட்டுக்குள் அறுக்கவே வேண்டாம், குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம். சத்தமான புதுப்பிப்பு வேலைக்கு வீவக அனுமதிப்பது வாரநாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை. சனி, ஞாயிறு, பொது விடுமுறையில் கூடாது. அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.