சாட்டன் செங்கல் மனை

இங்கிலாந்து தேசத்தின் தென்பாகத்திலுள்ள ஹாம்ப்ஷயர் ஜில்லாவில் சாட்டன் என்னும் சிற்றூர் உளது. அவ்வூர்ச் சாலையோரத்தே, செங்கல்லாற் கட்டி ஓடு வேய்ந்த பழைய மனையொன்று காணப்படும். 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த அதன்கண் தூண் வரிசையோ சிற்ப வேலைப்பாடோ இல்லை. ஆயினும், வீட்டின் அமைப்பு அதனுள் வாழ்வாரது தொழிலுக்கு எங்ஙனம் துணைபுரியும் என்பதற்கு இஃது ஏற்றதொரு சான்றாகும்.

இம்மனை முன்னர் வழிப்போக்கர் தங்கும் விடுதியாயிருந்தது. ஆதலின், குதிரை வண்டிகள் ஓயாது செல்லும் சாலையை ஒட்டியே நின்றது. விடுதிக்கு நன்மையான இவ்வமைப்புக் குடியிருப்புக்கு இடையூறாயிற்று.

நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின், 1805-இல் தந்தையார் இறந்தபின், தாயாருடனும் தமக்கையுடனும் நிலையான இல்லமின்றி வாழ்ந்து வந்தார். செல்வக் குடும்பமொன்றிற்குச் சுவீகாரம் சென்றிருந்த தமையனார் எட்வர்ட், தம் உடைமையான இம்மனையை 1809-இல் அவர்களுக்கு அளித்தார். அவர்கள் பொருட்டு அவர் செய்வித்த மாறுதல் கருதற்பாலது. கூடத்தில் சாலையை நோக்கியிருந்த பெரிய சாளரத்தை அடைப்பித்து, தோட்டத்தை நோக்கிய சுவரில் வேறொரு சாளரம் திறப்பித்தார். செங்கற்சுவர் இத்தகைய மாறுதலுக்கு எளிதில் இடங்கொடுக்கும். மேற்சுவரின் பளுவைத் தாங்க வளைவோ உத்தரமோ அமைத்தாற் போதும். அதனால் வழிச்செல்வோர் பார்வை நீங்கிற்று. வெளிச்சமும் பசும்புற்றரையின் காட்சியும் கிடைத்தன.

உணவறைச் சாளரத்தருகே சிறு மேசையொன்றில் அம்மையார் எழுதுவது வழக்கம். வீட்டிற் கிரீச்சிடும் கதவொன்று இருந்தது. வருவாரை அது முன்னறிவித்தமையால், அதனைச் செப்பனிட அவர் இசைந்திலர் என்று அவருடைய உடன்பிறந்தார் மகன் வரைந்த சரிதம் கூறும். 1811 முதல் 1815 வரை அவருடைய நான்கு நாவல்கள் வெளிவந்தது இம்மனையில் வாழ்ந்த காலத்திலேயாம்.

தமக்கையார் 1845-இல் இறந்தபின், இம்மனை தொழிலாளர் குடியிருப்புகளாகப் பிரிக்கப்பட்டது. பின்னர், 1944-இல் போரில் மாண்ட தம் மகனது நினைவாக ஒருவர் இதனை விலைக்கு வாங்கினார். 1949-இல் இது பொருட்காட்சிச் சாலையாகத் திறக்கப்பட்டது.

மாளிகைகளின் உயரத்தை அளந்து வியத்தல் எளிது. ஒரு சாளரத்தை அடைத்து, மற்றொன்றைத் திறந்து, சொந்த வீடில்லாப் பெண்டிர்க்கு அமைதி அளித்ததும் கட்டடக்கலையே. இல்லத்தின் பெருமை அதன் சுவர்கள் யாருக்கு இடமளித்தன என்பதனாலும் அறியப்படும்.