வீட்டில் பேஸ் கிட்டார் பதிவா?

பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் வீட்டிலேயே பேஸ் கிட்டார் பதிவுசெய்பவர்கள் முதலில் மைக்கை ஒதுக்கிவையுங்கள். தடித்த 'ஈ' தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த ஒலியலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். பத்துக்குப் பன்னிரண்டடி கான்கிரீட் அறையில் சில சுரங்கள் வீங்கும், சில காணாமலே போகும். கிட்டாரை நேராக ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகி ஹெட்ஃபோனில் கேளுங்கள். மே மாதம் வீரசக்கதேவி கோயில் திருவிழா ஒலிபெருக்கி முழங்கினாலும் பதிவில் ஏறாது!

பெரிய தொல்லை கரண்ட் இரைச்சல்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; ஈ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட் சுரம் 49. இரைச்சலை ஈக்வலைசரில் வெட்டினால் சுரமும் சேர்ந்து போய்விடும். ஆகவே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். சிங்கிள் காயில் பிக்கப் என்றால் உட்கார்ந்தபடியே மெல்லத் திரும்பிப் பாருங்கள்; ஏதோ ஒரு கோணத்தில் இரைச்சல் அடங்கும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றினாலும் சில சமயம் தீர்ந்துவிடும்.

கடற்காற்றின் உப்பு தந்தியைத் துருவேற்றி ஒலியை மழுக்கும். வாசித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து உறைக்குள் வையுங்கள்.

பாட்டைப் பலரும் செல்போனில்தான் கேட்பார்கள். அந்தக் குட்டி ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வராது. 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை சற்றே ஏற்றுங்கள், பேஸ் தெளிவாகக் கேட்கும்.